அந்தச் சிரிப்ப வேற போட்டோ மேல வெச்சது

வாய்விட்டு சிரிக்கிறவங்களோட சிரிப்பு வீட்டுல எடுக்கற ரெக்கார்டிங்ல பெரும்பாலும் முழுசா கிடைக்காது. நினைவு வீடியோ எடிட் பண்றவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். 16 பிட் ஆடியோல ஒவ்வொரு சாம்பிளுக்கும் (ஒரு நொடியில பல ஆயிரம் தடவ சத்தத்த அளந்து எடுக்கறது) 65,536 படிதான் இருக்கு, அத தாண்டி போற சத்தமெல்லாம் உச்சியில தட்டையா வெட்டுப்பட்டு, கேக்கறப்ப கரகரனு உடையும். போன் தானாவே சத்தத்த குறைக்கும்தான், ஆனா பேச்சுக்கு நடுவுல பட்டுனு வெடிக்கிற சிரிப்புக்கு அது சுதாரிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். டீகிளிப் போட்டா அந்த வெட்டுப்பட்ட இடத்துல என்ன இருந்திருக்கும்னு சாப்ட்வேர் அக்கம்பக்கத்த பாத்து ஊகிச்சு நிரப்புது, அவ்ளோதான். நாய்ஸ் ரிடக்‌ஷன் இன்னும் மோசம், சிரிப்புல பாதி மூச்சுக்காத்துதானே, அதையும் இரைச்சல்னு எடுத்துக்கிட்டு துடைச்சிடும்.

இறந்துபோன ஒரு அம்மாவுக்கு நினைவு வீடியோ எடிட் பண்ணேன், அந்தம்மாவோட ஃபுட்டேஜ் கிட்டத்தட்ட மொத்தமும் இப்படித்தான் வந்துச்சு. விஎச்எஸ் கேசட்ல இருந்து மாத்தினது, போன்ல எடுத்தது, எதுல பாத்தாலும் அவங்க சிரிக்கிற இடத்துல வேவ்ஃபார்ம், அதாவது ஸ்கிரீன்ல தெரியற சத்தத்தோட அலை, தட்டை. பாதி கிளிப்ல அவங்க ஃபிரேம்லயே இல்ல, எடுக்கறதே அவங்கதான், கேமரா குலுங்கறத வெச்சே சிரிக்கறாங்கனு தெரியும். யாராவது சீரியஸா பேச ஆரம்பிப்பாங்க, இவங்க அடக்கி அடக்கி பாப்பாங்க, முடியாது, கடைசில பேசறவரும் பேச்ச விட்டுட்டு சிரிச்சிடுவாரு. ஒரு கிளிப்ல நடக்க பழகற குழந்தை தொப்புனு விழுது, எல்லாரும் ஐயோங்கறாங்க, இவங்க மட்டும் சிரிக்கறாங்க, குழந்தை அழலாமா வேணாமானு ஒரு செகண்ட் இவங்க முகத்த பாத்துட்டு அதுவும் சிரிக்குது. அந்த கிளிப்ப வேலை இல்லாதப்பவும் போட்டு பாத்திருக்கேன்.

உடையாத சிரிப்பு ஒண்ணே ஒண்ணுதான். கடைசி மாசம், படுக்கையில எடுத்தது. குரல்ல பலம் இல்ல, அதனால உச்சிய தொடவே இல்ல, மூச்சோட சேத்து முழுசா பதிவாகியிருந்துச்சு.

அந்தம்மாவோட மூத்த பொண்ணுக்கு முதல் கட் அனுப்பினப்போ போன் பண்ணாங்க. "அந்த கடைசி கிளிப் வேணாம் தம்பி, எடுத்துடுங்க." நான் சொன்னேன், "அக்கா, இருக்கறதுலயே நல்ல ரெக்கார்டிங் அதுதான்." அதோட நிறுத்தல, குரல் குறைஞ்சு போனதாலதான் இவ்ளோ சுத்தமா வந்திருக்குனு காரணமும் சொன்னேன். அந்த பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அது எங்களுக்காக சிரிச்சது தம்பி, நாங்க பயந்துடக் கூடாதுனு" அப்படின்னாங்க. நான் எதுவும் பேசல. அவங்களே திரும்ப, "சரி, சத்தத்த மட்டும் வெச்சுக்கோங்க, படம் வேணாம், அந்த பழைய கருப்பு வெள்ளை போட்டோ மேல போட்டுடுங்க"ன்னாங்க.

போட்டேன். ஒரு இடத்து சத்தத்த இன்னொரு படத்துக்கு வெக்கறது எடிட்டிங்ல தினம் நடக்கறது, இதுல எந்த பொய்யும் இல்ல, அது அவங்க சிரிப்புதான், வேற யாரோடதும் இல்ல. நான் அப்போ அந்த ஒரு விஷயத்த சொல்லலேனா நல்லா இருக்கற ஒரே ஒரு சிரிப்பும் ஹார்ட் டிஸ்க்லயே கிடந்திருக்கும். நினைவுக் கூட்டத்துல போட்டப்ப ஹால்ல கிட்டத்தட்ட எல்லாரும் சிரிச்சாங்க, அழுதுக்கிட்டே சிரிச்சாங்க, "அப்படியே அவங்கதான்"னு பின்னாடி இருந்து யாரோ சொன்னாங்க. 1997ல டேக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோனு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் துணைய இழந்தவங்கள பேச வெச்சு பாத்திருக்காங்க, போனவங்கள பத்தி பேசறப்ப உண்மையா சிரிச்சவங்களுக்கு மனவேதனை குறைவா இருந்துச்சாம். எது காரணம் எது விளைவுனு அத வெச்சு சொல்லிட முடியாது, ஆனாலும் அந்த ஹால பாத்தப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு, சரியாத்தான் பண்ணியிருக்கோம்னு தோணுச்சு.

ஆனா அந்த சிரிப்பு எப்போ சிரிச்சதுனு தெரிஞ்சு அக்கா அங்க உக்காந்திருந்தாங்க. அவங்க முகத்துல சிரிப்பு இல்ல. நான் சொன்னது ஒரு அபிப்பிராயம், அவங்க சொன்னது சம்மதமா, இல்ல வாதாட தெம்பு இல்லாம சொன்னதா? துக்கத்துல இருக்கறவங்ககிட்ட "இதுதான் நல்லது"னு தொழில் தெரிஞ்சவன் சொன்னா அதுக்கு மேல அவங்க என்ன சொல்லுவாங்க?

இன்னொன்னும் உறுத்துது. நல்லா இருக்கறப்ப சிரிக்கறது பெரிசில்ல, அந்த நிலைமைலயும் சிரிச்சாங்க பாருங்க, அதுதான் அந்தம்மா. படத்த எடுத்துட்டு இளமை போட்டோவ வெச்சதுல அந்த விஷயமே மறைஞ்சு போச்சுனு ஒரு நாள் தோணும். அந்த படத்த நாலு பேர் பாக்கணும்னு சொல்ல நான் யாருனு மறுநாள் தோணும்.

1862லயே டுஷென்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்து பாத்து எழுதி வெச்சாரு, வாய இழுத்து சிரிக்கறது நம்ம கையில இருக்கு, ஆனா கண்ண சுத்தி இருக்கற தசை மனசுல சந்தோஷம் இருந்தாதான் அசையும்னு. அந்த கிளிப்ப ஃபிரேம் ஃபிரேமா பாத்தவன் நான், கண்ணோரம் நல்லா சுருங்கியிருந்துச்சு. பின்னாடி வந்த ஆய்வுகள்ல நிறைய பேரால அதையும் வேணும்னே செய்ய முடியுதுனு தெரிஞ்சிருக்கு, அதனால இத சாட்சியா வெக்க முடியாது. ஆனா பிள்ளைங்க பயப்படக் கூடாதுனு ஆரம்பிச்சு, பாதில நெஜமாவே சிரிப்பு வந்திருக்கலாம்ல? ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாத ஆளுதான அவங்க, அத்தன கிளிப்லயும் பாத்தேனே.

இத அக்காகிட்ட சொல்லணும்னு இருக்கு. சொன்னா நிம்மதியா இருக்குமா, இல்ல ரெக்கார்டிங் நல்லா இருக்குனு அன்னைக்கு சொன்ன மாதிரிதான் இதுவும் போய் விழுமா? கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தது அவங்க, நான் பாத்தது ஸ்கிரீன்ல. இன்னும் போன் பண்ணல.