‘ஒதெல்லோ’வில் பெண்கள்: கட்டுரை வினாவுக்கு நான் தயாரான விதம்

முதுகலை ஆங்கில இலக்கியத்தில் ஷேக்ஸ்பியர் தாளுக்குப் படிப்பவர்கள், ‘ஒதெல்லோ’வில் பெண்கள் நடத்தப்படும் முறை பற்றிய வினாவை எளிதென்று எண்ணி, டெஸ்டெமோனா கள்ளமற்றவள், எமிலியா உலகம் அறிந்தவள், பியாங்கா ஒழுக்கம் தவறியவள் என மூன்று பாத்திரச் சித்திரங்களை அடுத்தடுத்து எழுதி முடித்துவிடுகின்றனர். வெனிஸின் படைத்தளபதி ஒதெல்லோ, தன் கீழ் பணிபுரியும் இயாகோவின் சதிப்பேச்சை நம்பி, குற்றமற்ற மனைவி டெஸ்டெமோனாவைச் சந்தேகித்துக் கொல்வதே ஷேக்ஸ்பியரின் இந்த நாடகம்; எமிலியா இயாகோவின் மனைவி, டெஸ்டெமோனாவின் பணிப்பெண். நான் அவ்வாறு பிரிக்காமல், இந்த நாடகத்தில் யாருடைய சொல் நம்பப்படுகிறது என்ற ஒரே கேள்வியுடன் நாடகத்தை மீண்டும் படித்தேன். விடைக்கு வேண்டிய சான்றுகள் தாமாகவே அந்தக் கேள்வியின் கீழ் வந்து சேர்ந்தன.

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் வெனிஸ் அவையின் முன் டெஸ்டெமோனா, தந்தைக்குத் தெரியாமல் ஒதெல்லோவை மணந்ததைத் தானே விளக்குகிறாள். அவள் சொல் ஏற்கப்படுகிறது. ஆனால் சைப்ரஸைத் துருக்கியரிடமிருந்து காக்க அந்த அவைக்கு ஒதெல்லோ தேவைப்பட்ட நேரம் அது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றக்கூடும் என்று அவள் தந்தை பிரபான்ஷியோ ஒதெல்லோவிடம் விட்டுச்செல்லும் எச்சரிக்கையை மூன்றாம் அங்கத்தில் இயாகோ எடுத்துப் பயன்படுத்துகிறான். அவள் தன் விருப்பப்படி செய்த ஒரே பெரிய செயல் அவளுக்கு எதிரான சாட்சியாக மாறும் இவ்விடத்தை விரிவாக எழுதுங்கள். நான்காம் அங்கத்தில் வெனிஸிலிருந்து வந்த அவள் உறவினன் லொடோவிகோவின் கண்முன்னே ஒதெல்லோ அவளை அறைகிறான்; வெனிஸில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று லொடோவிகோ திகைக்கிறானே தவிர, அவளை அங்கிருந்து அழைத்துச் செல்வதில்லை. அடுத்த காட்சியில் டெஸ்டெமோனா கற்புள்ளவள் என்று எமிலியா தன் ஆன்மாவையே பணயம் வைத்துச் சான்று கூறியும், அது கூட்டிக்கொடுப்பவளின் பேச்சாகவே தள்ளப்படுகிறது.

எமிலியாவைப் புரட்சிப் பெண்ணாக மட்டும் காட்டுவது பலரும் செய்யும் மிகை. டெஸ்டெமோனா தவறவிட்ட, பின்னர் இயாகோ பொய்ச் சான்றாக்கும் கைக்குட்டையை அவனிடம் கொடுத்தவளும், டெஸ்டெமோனா கேட்டபோது தெரியாது என்றவளும், பியாங்காவை இழிசொல்லால் ஏசியவளும் அவளே. மனைவியரின் பிழைக்குக் கணவரே காரணம் என்று அவள் பேசும் பகுதி 1622ஆம் ஆண்டின் குவார்ட்டோ பதிப்பில் (நாடகம் தனியாகச் சிறு அளவில் அச்சான நூலில்) இல்லை; 1623ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோவில்தான் (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய அளவுத் தொகுப்பில்) உள்ளது. மூலக்கதையான, இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோவின் 1565ஆம் ஆண்டுக் கதையிலோ, எமிலியாவின் இடத்தில் உள்ள மனைவி சதியை முன்பே அறிந்தும் கணவனுக்கு அஞ்சி வாய் திறக்காதவள். ஷேக்ஸ்பியர் அவளைச் சதி அறியாதவளாக்கி, உண்மை தெரிந்த கணமே கணவனின் கட்டளையை மீறிப் பேச வைத்து, அதற்கு அவள் உயிரை விலையாக வைக்கிறார். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கலாம்.

இரண்டாம் அங்கத்தில் இயாகோ பெண்களைப் பழித்து அடிக்கும் கேலியை நாடகாசிரியரின் கருத்தாக எழுதிவிடாதீர்கள். மேற்கோள்கள் சுருக்கமாக இருக்கட்டும். அங்கமும் காட்சியும் குறித்தால் போதும்.

தன்னைக் கொன்றது யார் என்று கேட்கப்படும்போது, தானே என்று டெஸ்டெமோனா சொல்வதை அடிபணிதல் என்றும் படிக்கலாம், கணவனைக் காக்க அவளே எடுத்த முடிவு என்றும் படிக்கலாம். விடையில் இரண்டையும் காட்டி ஒன்றின் பக்கம் நில்லுங்கள். என் தேர்வு முதலாவது; ஏனெனில் அந்தப் பொய்யையும் ஒதெல்லோ உடனே அவளுக்கு எதிராகவே திருப்பி, பொய் சொல்லி நரகத்துக்குப் போனவள் என்கிறான்.