குரல்நாணில் ஓர் ஊசி

மார்ச் 4, 2024, திங்கள்
ஒருவழியாக நோய்க்குப் பெயர் தெரிந்தது: ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா. பேசும்போது குரல்நாண்கள் அளவுக்கு மீறி இறுகி, வார்த்தை நடுவிலேயே அறுபடுகிறது. கிசுகிசுத்தால் வருகிறது, சிரித்தால் வருகிறது, 'அப்பா' என்று கூப்பிடப் போனால் நெரிக்கிறது. அதனால்தான் எல்லோரும் 'டென்ஷன்தான், ரிலாக்ஸ் பண்ணு' என்றார்கள். கட்டியோ புண்ணோ இல்லை. கோளாறு, மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில்.

மார்ச் 7, வியாழன்
சிகிச்சை போடாக்ஸாம். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். புருவ நடுவுக்கு 20 யூனிட் என்றால், குரல்நாணில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றோ இரண்டோ யூனிட். நரம்பு முனை அசெட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியே விட்டால்தான் தசை சுருங்கும். அதை வெளியே விட உதவும் புரதத்தை போடாக்ஸில் உள்ள நச்சு வெட்டிவிடுகிறது. நரம்பு கத்தும், தசைக்குக் கேட்காது.
1976-ல் ஹெர்பர்ட் டீடோ என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோய்க்கு, குரல்நாணுக்குப் போகும் ஒரு பக்க நரம்பையே வெட்டும் முறையை வெளியிட்டார். முதலில் நல்ல பலன். அப்புறம் பலருக்கு நெரிப்பு திரும்பிவிட்டது. 1984-ல் ஆண்ட்ரூ பிளிட்சர் போடாக்ஸைக் குரல்வளையில் செலுத்தினார். வெட்டுவதை விட இது எவ்வளவோ தேவலை.

மார்ச் 14, வியாழன்
ஊசி போட்டாயிற்று. மயக்கம் கொடுக்கவில்லை, தோல் மட்டும் மரத்தது. கழுத்தின் முன்பக்கம், இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வு வழியாக ஊசி நுழைந்தது. அந்த ஊசியே, தசையின் மின்துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கும் ஈஎம்ஜி கருவியோடு இணைந்திருக்கிறது. "ஈ...ன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர். சொன்னதும் கருவி சடசடத்தது. சரியான தசைக்கு வந்தாயிற்று என்று அர்த்தம். விழுங்கக் கூடாதாம். அப்படிச் சொன்ன பிறகுதான் எச்சில் ஊறித் தொலைக்கிறது.

மார்ச் 18, திங்கள்
குரல் வெறும் காற்று. குரல்நாண்கள் சேர்ந்து மூடாததால் தண்ணீர் புரையேறுகிறது. கஞ்சி பரவாயில்லை. ஆட்டோக்காரரிடம் போகும் இடத்தை போனில் தட்டிக் காட்டினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்
வங்கிக்குப் போன் செய்து முழுப்பெயர், முகவரி எல்லாம் சொன்னேன். மறுமுனையில் யாரும் 'லைன் கட்டாகுது சார்' என்று சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்
'அ'வில் மறுபடி லேசான இடறல். எதிர்பார்த்ததுதான், நரம்பு முனை மீண்டு தசையோடு பேசத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் மூன்று நான்கு மாதம்தான் கணக்கு. இந்த முறை டோஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். காற்றுக்குரல் நாட்கள் குறையும், பலனும் சீக்கிரம் தீரலாம். ஆகஸ்டில் தங்கை கல்யாணம். ஜூலை தொடக்கத்திலேயே போட்டுக்கொண்டால் வந்தவர்களை 'வாங்க' என்றாவது கேட்கலாம்.