பூப்பாறையில் ‘உண்மையான நான்’: ஒரு ராத்திரிக்கு 5,500 ரூபாய்

போடியிலிருந்து மலை ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறை போய்விட்டு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எந்த வழி, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதுவும் வரும். முதலில் அந்த 5,500 ரூபாய்க் கதை.

ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு விடுதி. ஒரு ராத்திரி தங்கல், இரண்டு வேளைச் சாப்பாடு, கூடவே ‘உங்களுக்குள் இருக்கும் உண்மையான உங்களைக் கண்டடையுங்கள்’ என்று ஒரு பயிற்சி. தலைக்கு 5,500. என் நண்பனுக்காகத்தான் போனோம். பெங்களூரில் ஒரு வேலை கூப்பிடுகிறது, சின்னமனூரில் அப்பாவின் அரிசி மில் கிடக்கிறது, அப்பாவுக்கோ உடம்பு முடியவில்லை. எதில் இறங்குவது என்று தெரியாமல் தூக்கம் கெட்டுத் திரிகிறான்.

பூப்பாறை ஜங்ஷனில் இறங்கியதுமே முதல் அடி. ஆறு கிலோமீட்டர்கூட வராத தூரத்துக்கு ஜீப்காரர் 1,800 கேட்டார். ரோடு மோசம், மழை, திரும்பி வர ஆள் கிடைக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் 1,200-க்கு இறங்கினார். ரோடு மோசம் என்பது மட்டும் நிஜம். விடுதியில் மெத்தை ஈரம், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது, வெந்நீர் காலையில் மட்டும். இந்தக் காசுக்கு இது அநியாயம்.

சாயங்காலம் பயிற்சி. “நீங்க பிறக்கும்போதே உங்க நோக்கமும் உங்களோட பிறந்திருச்சு. மனசை அமைதியாக்கினா அது தானா மேல வரும்” என்றார் பயிற்சியாளர். நண்பன் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் மறுத்தது இதைத்தான். காகிதம் வெட்டும் கத்தியைச் செய்கிறவன் அது எதற்கு என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் செய்கிறான். மனிதன் விஷயத்தில் அப்படி ஒரு முன்தீர்மானம் கிடையாது என்பது சார்த்தரின் வாதம். முதலில் நாம் இருக்கிறோம். செய்யச் செய்யத்தான் இன்னார் என்று ஆகிறோம். அப்படியானால் உள்ளே ஒளிந்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு ‘நான்’ யார்? அப்படி ஒரு ஆளே இல்லை.

அதே உரையில் ஒரு மாணவன் வருகிறான். போர்க்காலம். அண்ணன் சண்டையில் செத்துவிட்டான், தனியாக இருக்கும் அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் துணை. இங்கிலாந்துக்குப் போய் விடுதலைப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா என்று கேட்கிறான். ‘நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு’ என்பதுதான் சார்த்தரின் பதில். கைகழுவுகிற பதில் மாதிரி தெரியலாம். ஆனால் அதற்கு முன்னால் அவர் சொல்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: யாரிடம் யோசனை கேட்கப் போகிறோம் என்பதிலேயே நம் தேர்வு ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரி இதை நண்பனிடம் சொன்னேன். “மாப்ள, மில்லைப் பாருன்னு சொல்ற ஆள்கிட்ட போகாம, இவர்கிட்ட ஏன் வந்த?” அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். கோபம்தான்.

மறுநாள் காலையில் நடந்தது இன்னும் மோசம். தோட்டத்துக்குள் நடை கூட்டிப்போனார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், ஆனால் காய் பிடிப்பது செடியின் அடியிலிருந்து கிளம்பும் சரத்தில். குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் பார்த்து எடுப்பதால் அதே செடிக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி வருகிற பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் அவர்களைக் கை காட்டி, “பாருங்க, இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!” என்றார். கூட்டத்தில் சிலர் போட்டோ எடுத்தார்கள். இதற்கு நடுவில் கிரேக்கப் புராணத்து சிசிபஸ் கதையும் வந்தது, உருண்டு உருண்டு விழும் பாறையைத் தண்டனையாக ஓயாமல் மலைமேல் உருட்டுகிறவன் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று.

பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் தெ பொவ்வார் 1949-இல் பெண்களைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முன்னுரையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அடுத்தவரை எந்த நிலையில் வைக்க ஆசைப்படுகிறோமோ, அந்த நிலையை மகிழ்ச்சியானது என்று சொல்லிவிடுவது எப்போதுமே சுலபம் என்கிறார். அதனால் அவர் அளவுகோலாக வைப்பது மகிழ்ச்சியை அல்ல, சுதந்திரத்தை. சிசிபஸ் மகிழ்ச்சியானவன் என்று நினைக்கச் சொன்ன பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவையும் பாதியில் விட்டுவிடக் கூடாது. 1942-இல் சிசிபஸைப் பற்றி எழுதியவர்தான் 1951-இல் ‘முடியாது’ என்று சொல்லும் கலகக்காரனைப் பற்றியும் எழுதினார். சிசிபஸுக்குப் பாறையைக் கொடுத்தவர்கள் தெய்வங்கள். இங்கே கூலியை நிர்ணயிப்பவர்கள் மனிதர்கள், அவர்களிடம் போய்க் கேட்க முடியும். கேட்டும் இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மூணாறில், தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸை 10 ஆகக் குறைத்ததுதான் காரணம். தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடாமல், ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் 9 நாள் நின்று அந்த 20 சதவீதத்தை வாங்கினார்கள். சார்த்தர் சொன்ன ‘செய்து ஆவது’ என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

டீ நேரத்தில் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு, “அந்தத் தம்பி எங்களைக் காட்டி என்னமோ சொன்னாரே, என்னது?” என்று கேட்டார். சொன்னேன். “சந்தோஷமாம்டி!” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கீழே கிடைப்பதைவிட மலையில் கூலி கூட, அதனால் வருகிறார், அவ்வளவுதான். மகள் நர்சிங் முடிக்கும்வரை வருவதாக முடிவு, அதற்கு மேல் முழங்கால் தாங்காதாம். ஜீப்பில் ஆளை அடைத்து ஏற்றியதால் ஒருநாள் யாருமே ஏற மாட்டோம் என்று நின்றதையும், கங்காணி இன்னொரு ஜீப் அனுப்பியதையும் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. ஏறாமல் நின்றதில் முதல் ஆள் இவர்தான். அந்தப் பெருமையை நான் சந்தோஷம் என்று பெயர் சூட்டிக் கெடுக்க விரும்பவில்லை.

மதியம் ஜங்ஷனுக்கு நடந்தே இறங்கினோம். அங்கே சாப்பிட்ட கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும்! குடம்புளி ஊறி ஊறி முதல்நாள் வைத்த குழம்பு, மேலே சுடச்சுட தேங்காயெண்ணெய் வாசம், கப்பை வாயில் வைத்ததும் கரைகிறது. 120 ரூபாய், குழம்பு கேட்கக் கேட்க ஊற்றினார்கள். நண்பன் இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டு என்னோடு சண்டை போட்டான். “தேர்ந்தெடு தேர்ந்தெடுன்னா, அப்பா இருமுற சத்தம் காதுல கேக்குதே, அதை என்ன செய்ய?” நியாயமான கேள்வி. சார்த்தரின் மாணவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அதை மறைத்துவிட்டுத் தேர்ந்தெடுக்க யாரும் சொல்லவில்லை என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, போடி வரை வாதம் நடந்தது.

சரி, போகிறவர்களுக்கு: போடியிலிருந்து போடிமெட்டு வழியாகப் பஸ் இருக்கிறது, சன்னலோரம் பிடியுங்கள். கடைசி பஸ் நேரத்தை இறங்கியதுமே ஜங்ஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் வாடகையை ஏறுவதற்கு முன்னால் பேசி முடிக்கவும். தங்க சாதாரண லாட்ஜே போதும். உங்களை உங்களுக்குக் காட்டித்தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்தக் காசில் ஒரு வாரம் மீன்கறி சாப்பிடலாம்.