பையில் ஒரு பட்டா

விசா மையத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்த அம்மாவின் பையில் நிலப் பட்டா இருந்தது.

ஐரோப்பாவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறார். வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை ரசீது, வீட்டு வரி ரசீது, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பழுப்பேறிய தாள். அறுபது சென்ட் நஞ்சை. "திரும்பி வந்துவிடுவேன் என்று அவர்கள் நம்ப வேண்டுமே, தம்பி" என்றார்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. மறுப்பதற்கும் கூலி நம்முடையதுதான்.

ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் ஒரு சிற்றூர். தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்க 1985இல் ஐந்து நாடுகள் அங்கே கையெழுத்திட்டன. வெளி எல்லையில் நடந்தது வேறு. மொராக்கோவை ஒட்டிய ஸ்பெயின் நகரமான மெலில்லாவில் வேலி மூன்று ஆள் உயரம்.

பொருளாதார அறிஞர் பிராங்கோ மிலானோவிச் ஒரு கணக்குப் போட்டார். உலக மக்களின் வருமானத்தில் உள்ள ஏற்றத்தாழ்வில் பாதிக்கும் மேலானதை, ஒருவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதை வைத்தே விளக்கிவிடலாம். படிப்பு, உழைப்பு, சாமர்த்தியம் எல்லாம் மிச்சத்தில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குள் அந்த அம்மாவின் டோக்கனை அழைத்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்.

பட்டா தமிழில் இருக்கிறதாம். மொழிபெயர்த்து எடுத்துவர வேண்டுமாம்.

"பக்கத்தில் யாராவது செய்து தருவார்களா, தம்பி?"