ரெண்டு சாவி

கிருஷ்ணகிரில ஒரு மாங்கூழ் ஃபேக்டரில டாக்குமென்டேஷன் பார்க்கிற வேலை எனக்கு. பெங்களூரா மாங்காய் கூழை டிரம்ல அடைச்சு அனுப்புவோம், அதுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் என் கைலதான். ஏமன்காரங்க நல்ல கஸ்டமருங்க, ஹொதைதா, ஏடன்னு போர்ட் பேர டைப் அடிச்சு அடிச்சு பழகிப்போச்சு. ஒரு சீசன் முடிஞ்சு சும்மா இருந்தப்போதான் அந்த நாட்டப் பத்தி தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க எங்க ஆபீஸ் கதையே படிக்கிற மாதிரி இருந்துச்சு.

எங்க கதை என்னன்னா, முதலாளிங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு, பிரிஞ்சு ஆளுக்கொரு யூனிட் வச்சிருந்தவங்க, திடீர்னு ஒண்ணா சேர்ந்தாங்க. பூஜை போட்டு, பிரியாணி போட்டு, ஒரே போர்டு மாட்டினோம். அப்புறம்தான் யாருக்கு எந்த சேருன்னு பேச்சு வந்துச்சு. புரொடக்ஷன் மேனேஜர் அண்ணன் ஆளா, அப்போ அசிஸ்டன்ட் தம்பி ஆளு. பர்சேஸ்ல தம்பி ஆளா, அவருக்குக் கீழ அண்ணன் ஆளு.

தனித்தனி நாடா இருந்த வட ஏமனும் தென் ஏமனும் 1990 மே 22ல சேர்ந்தப்போ இதேதான் பண்ணிருக்காங்க. வடக்குல இருந்த அலி அப்துல்லா சாலே தலைவர், தெற்குல இருந்த அலி சாலிம் அல் பெய்த் துணைத் தலைவர், பிரதமரா தெற்கோட அல் அத்தாஸ். 39 மந்திரிங்க, அதுல வடக்குக்கு 20, தெற்குக்கு 19. வடக்குல ஜனத்தொகை தெற்க விட நாலு மடங்குக்கு பக்கம், ஆனா மந்திரிசபைல கிட்டத்தட்ட சரிபாதி. மந்திரி ஒரு பக்கத்து ஆளுன்னா துணை மந்திரி இன்னொரு பக்கத்து ஆளு. முதல்ல படிச்சப்போ பரவால்லயே, பெருந்தன்மையா இருக்காங்களேன்னு நினைச்சேன், அப்புறம் எங்க பர்சேஸ் செக்ஷன் ஞாபகம் வந்துச்சு, சிரிச்சுட்டேன்.

ஒரு டிராக்டர் லோடு வந்து நிக்கும். தம்பி ஆளு இனிப்பு அளக்கற பிரிக்ஸ் மீட்டர் வச்சு பார்த்து 14னு எழுதுவாரு, அண்ணன் ஆளு தன்னோட மீட்டர எடுத்துட்டு வந்து 13ன்னுவாரு. ஒரே மாங்காய்தான். ரெண்டு கையெழுத்தும் விழுற வரைக்கும் வேபிரிட்ஜ் சீட்டு கிடையாது, அந்த விவசாயி மே மாச வெயில்ல தலைல துண்டப் போட்டுட்டு உக்காந்திருப்பாரு, "சார், அடில இருக்கற காய் கனிஞ்சு போவுது சார்"ம்பாரு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம என்கிட்ட.

அங்க பார்லிமென்ட்டு 301 சீட்டுக்கு வடக்கோட பழைய சபைல இருந்து 159, தெற்குல இருந்து 111, மிச்சம் 31 நியமனம். கரன்சி கூட வடக்கோட ரியாலும் தெற்கோட தினாரும் சேர்ந்தே ஓடியிருக்கு, ஒரு தினாருக்கு 26 ரியால். இதெல்லாம் சமாளிக்கலாம். ஆனா பட்டாளத்த சேர்க்கல பாருங்க, அதுதான் எனக்குத் தப்பாப் பட்டுச்சு. தெற்கோட ஒரு டாங்கிப் படை வடக்குல அம்ரான்ல, வடக்கோட ஒரு படை தெற்குல அப்யான்ல, எல்லாம் பழைய தளபதிங்க சொன்னதத்தான் கேட்டுட்டு இருந்துச்சு. 1993 ஏப்ரல் 27ல எலெக்ஷன் நடந்துச்சு, சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே தேதில அம்ரான்ல டாங்கி சுட ஆரம்பிச்சிருச்சு. 1994 ஜூலைல வடக்குப் படை ஏடனப் பிடிச்சிருச்சு.

எங்ககிட்ட பட்டாளம்னா ஸ்டோர் ரூம்தான். கூழ் அடைக்கற அசெப்டிக் பை (கிருமி இல்லாத பை), டிரம் மூடி, லேபிள் எல்லாம் அங்க. அதுக்கு ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி, ரெண்டு ரிஜிஸ்டர். சேர்ந்து மூணு சீசன் ஆகியும் அதை மட்டும் யாரும் தொடல.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் ஓடிட்டு இருக்கு, பை தீர்ந்துபோச்சு. அண்ணன் ஆளு சாவியோட நிக்கறாரு, தம்பி ஆளு காவேரிப்பட்டணத்துல வீட்ல தூங்கறாரு, போன் எடுக்கல. கூழ் டேங்க்ல நிக்குது, நான்தான் பைக்க எடுத்துட்டு ஹைவேல லாரிக்கு நடுவுல போய் கதவத் தட்டினேன். லுங்கியோட வந்தாரு, கொட்டாவி விட்டுட்டே கேட்டாரு, சொன்னேன். உள்ள போனவரு சாவியோட ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வந்தாரு.

"தம்பி, டைம் போட்டு கையெழுத்து போட்டுட்டு வாங்கிக்க."