பாடுவதைத் தவிர ஒரு பங்கு

திருச்சபையின் வாலிபர் ஊழியத்தைத் திசைதிருப்புபவை பெரும்பாலும் நல்ல காரியங்களே. பாடல் பயிற்சி, விளையாட்டுப் போட்டி, இரத்ததான முகாம், படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் கூட்டம் என்று எதையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததாலேயே எதையும் நிறுத்தவும் மனம் வருவதில்லை. ஒவ்வொன்றும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, கடைசியில் இடமில்லாமல் வாசலில் நிற்பவை வேத வாசிப்பும் ஜெபமும்தான்.

வாலிபர் முகாமுக்கு அட்டவணை போடும் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் வரைவில் காலைத் தியானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும். ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் பாடல் குழு நேரம் கேட்கும், அது அரை மணியாகும். காலை உணவு நீளும், பத்து நிமிடம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிடத்தில் அறிவிப்புகளும் வந்து சேரும். ஜெபம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோரும் விசுவாசிகள், தூக்கத்தைவிட்டு உழைப்பவர்கள். அப்படியிருந்தும் அந்த ஒரு மணி நேரம் கரைந்துபோகும். ஆகையால் நான் பொறுப்பில் இருக்கும் முகாம்களில் அந்த நேரத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைப் பேசத் தொடங்குவோம். அதைத் தொட வேண்டுமானால் குழு முழுவதும் கூடி முடிவெடுக்க வேண்டும்.

1844 ஜூன் 6 அன்று லண்டனில், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியரும் அவருடைய நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர் கூடி ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கினார்கள். நாள் முழுவதும் கடையில் நின்று உழைத்த இளைஞர்களுக்கு அவர்கள் முதலில் கொடுத்தது ஜெபமும் வேத ஆராய்ச்சியும். கூடைப்பந்து 1891இல் வந்தது, கைப்பந்து 1895இல் வந்தது, இரண்டும் அந்த இயக்கத்தின் பிள்ளைகள். விளையாட்டு வந்ததில் தவறேதுமில்லை, இளைஞனின் உடலும் ஆண்டவருடையதே. ஆனால் இன்று உலகின் பல இடங்களில் அந்தப் பெயரைக் கேட்டவுடன் உடற்பயிற்சிக் கூடமும் திடலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஜெபித்த அந்தப் பன்னிரண்டு பேரை நினைப்பவர்கள் குறைவு. ஒரு பெரிய இயக்கத்துக்கே இது நேரும்போது, ஒரு திருச்சபையின் வாலிபர் ஐக்கியம் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

1881இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தில் உறுப்பினர்கள் ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். தினமும் ஜெபிப்பது, வேதம் வாசிப்பது, ஒவ்வொரு ஜெபக் கூட்டத்திலும் பாடுவதைத் தவிர வேறு ஏதாவது ஒரு பங்கு எடுப்பது. ‘பாடுவதைத் தவிர’ என்ற அந்த நிபந்தனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாகப் பாடும்போது ஒருவன் ஒளிந்துகொள்ளலாம். தன் வாயால் இரண்டு வாக்கியம் ஜெபிக்கும்போது, படித்த வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசும்போது ஒளிய முடியாது.

ஒரு மாலைக் கூட்டம் முடிந்து ஒலிபெருக்கி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அன்று மேடையில் கிதார் வாசித்த கல்லூரி மாணவன் கிதாரை உறையில் போட்டுவிட்டு, போகாமல் நின்றான்.

“அண்ணா, எல்லோரும் கண்ணை மூடி அழுகிறார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒன்றுமே இல்லை. நான் உண்மையில் விசுவாசிதானா?”

வயரைக் கீழே வைத்துவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்தோம். மாற்கு 9:24ஐத் திறந்து அவனையே வாசிக்கச் சொன்னேன். விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று ஒரு தகப்பன் கதறுகிற இடம். வாசித்துவிட்டு, “இப்படியும் ஜெபிக்கலாமா?” என்று கேட்டான். அன்றிலிருந்து இருவரும் வாரந்தோறும் மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தோம். நிகழ்ச்சிதான் அவனை எங்களிடம் அழைத்து வந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நிகழ்ச்சி முடிந்தபின் உட்கார்ந்து பேச ஆள் இல்லையென்றால் அவன் அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போயிருப்பான். அடுத்த வாரமும் அழகாக வாசித்திருப்பான், நாமும் பாராட்டியிருப்போம்.

அதே சுவிசேஷத்தின் 3:14இல் இயேசு பன்னிருவரை எதற்காக ஏற்படுத்தினார் என்று பாருங்கள். தம்மோடு இருப்பதற்கு, அதன்பின் அனுப்பப்படுவதற்கு. ஊழியத்தின் வரிசை அங்கேயே இருக்கிறது. திக்கற்றவர்களையும் விதவைகளையும் விசாரிப்பதே மாசற்ற பக்தி என்று யாக்கோபு எழுதியிருக்க, சேவையை விட்டுவிடும்படி நான் எப்படிச் சொல்வேன்? இயேசுவோடு இருந்தவர்கள் செய்யும் சேவை சோர்ந்துபோகாது என்றுதான் சொல்கிறேன்.

வேதபாடம் என்றால் வாலிபர்கள் வரமாட்டார்கள் என்பார்கள். கடினமான தேர்வுகளுக்கு விடிய விடியப் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். பாவம், மன்னிப்பு, மரணம், தேவன் என் ஜெபத்தைக் கேட்கிறாரா என்பவை அவர்கள் இரவில் தனியாக யோசிக்கும் காரியங்கள். கைப்பேசியை அளவாகப் பயன்படுத்து என்ற அறிவுரை அவர்களுக்கு எங்கும் கிடைக்கும். சிலுவையின் செய்தியை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் படிப்புக்கோ வேலைக்கோ வேறு ஊர் போய்விடுவார்கள். அங்கே நம் இசைக்குழு இருக்காது, நம் மேடை இருக்காது. ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து வேதத்தைத் திறக்கவும் ஜெபிக்கவும் பழகியிருக்கிறார்களா, புதிய ஊரில் ஒரு சபையைத் தேடிப் போவார்களா என்பதுதான் என் கவலை. ஆண்டறிக்கையில் வருகை எண்ணிக்கைக்கும் செலவுக்கும் கட்டம் உண்டு, இதற்குக் கட்டம் இல்லை. எனவே தலைவர்கள் கூடும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிப் பேசுகிறோம், பேசிய உடனே அந்தப் பெயருக்காக ஜெபிக்கிறோம். கூட்டம் நீண்டுதான் போகிறது, போகட்டும்.

அடுத்த முகாமில் ஒரு மாலையின் மேடை நிகழ்ச்சியை எடுத்துவிட்டு, ஐந்தைந்து பேராக மாற்கு சுவிசேஷம் வாசிப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். இசைக்குழுவினரும் ஆளுக்கொரு குழுவில் உட்காரச் சம்மதித்துவிட்டார்கள். குழுக்களை நடத்தப்போகிறவர்களுக்கான பயிற்சியை இப்போதே தொடங்கிவிட்டோம்.