காலைக் கூட்டத்தில் தேவய்யா

ஏற்காட்டில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அக்டோபர் 8 விமானப்படை நாள். அன்று காலைக் கூட்டத்தில் ஒரு வீரரின் பெயரைச் சொல்லி, "நாட்டுக்காக உயிர் நீத்தார்" என்று முடித்து, ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது வழக்கம். அந்த மனிதர் என்ன செய்தார் என்றே தெரியாமல் பிள்ளைகள் யாருக்காகத் தலை குனிகிறார்கள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

அதனால் ஒரு வருடம், முந்தைய நாளே ஒரு பாடவேளை முழுவதையும் விமானப்படை அதிகாரியான ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாடா தேவய்யாவுக்குக் கொடுத்தேன். குடகுக்காரர் என்றதும், "காப்பித் தோட்டம் இருக்கிற ஊர்தானே சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பையன். அப்புறம் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

தேவய்யாவும் வாத்தியார்தான். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். 1965-இல் பாகிஸ்தானோடு போர் வந்ததும் பஞ்சாபின் ஆதம்பூர் தளத்திலிருந்த 1-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவுக்கு வந்தார். செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போன 12 மிஸ்டேர் போர் விமானங்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாராவது இடையில் விலகினால் சேர்ந்துகொள்ளும் மாற்று விமானி அவர். அப்படித்தான் சேர்ந்தார்.

திரும்பும் வழியில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று அவரைத் துரத்திப் பிடித்துச் சுட்டது. கரும்பலகையில் இரண்டு விமானங்களையும் வரைந்தேன். ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும், மிஸ்டேர் அதன் கிட்டேகூட வராது. அடிபட்ட தன் மிஸ்டேரைத் திருப்பிக்கொண்டு தேவய்யா சண்டை போட்டார். ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது. அதன் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை. கூடப் போனவர்கள் யாரும் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. அவருக்கு வயது 32.

"கூடப் போனவங்க யாருமே பார்க்கலைன்னா, எப்படி சார் தெரிஞ்சுது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைய வகுப்பில் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. பல ஆண்டுகள் அவர் வெறும் 'காணாமல் போனவர்'தான். பாகிஸ்தான் விமானப்படையின் பக்கத்திலிருந்து ஓர் ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் 1979-இல் வந்தது. ஒரு மிஸ்டேரிடம் அந்த ஸ்டார்ஃபைட்டர் விழுந்த கதை அதில் இருந்தது. அந்த அணியில் திரும்பாதவர் தேவய்யா என்பதால், இங்கே அது யார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1988-இல், போர்க்கள வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகா வீர் சக்ரா அவர் மனைவியிடம் வந்து சேர்ந்தது. நடுவே 23 ஆண்டுகள். மாலை போடுவதைவிட, விடாமல் தேடி உண்மையைக் கண்டுபிடித்ததுதான் அவருக்குச் செய்த பெரிய அஞ்சலி என்று நான் நினைக்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில் அந்த மாணவியே பேசினாள். குறிப்புத்தாளைப் பார்க்காமல், சர்கோதாவிலிருந்து 1988 வரைக்கும். மௌனத்தின்போது வழக்கமான சலசலப்பு இல்லை.

அதிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு. இந்த முறை நிர்மல் ஜித் சிங் செகானை எடுத்திருக்கிறார்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைக் காக்க நாட் என்ற போர் விமானத்தில் பாகிஸ்தான் விமானங்களோடு தனியாக மோதியவர், போர்க்கள வீரத்துக்கான மிக உயரிய விருதான பரம் வீர் சக்ராவை விமானப்படையில் பெற்ற ஒரே வீரர். ஸ்ரீநகர் எங்கே இருக்கிறது, நாட் எவ்வளவு சிறிய விமானம் என்று இப்போதே நூலகத்தில் சண்டை நடக்கிறது.